மாறுதல் ஆணை ஏறாத மலை

1940களின் பிற்பகுதியில், பழைய சேலம் மாவட்டத்தில் வேலை செய்துவந்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் தன் மூத்த ஊழியர் ஒருவரை வழியனுப்ப ஒரு கூட்டம் நடத்தியது. அவர் பெயர் எவலின் பிராண்ட். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஓய்வுபெறும் வயது தாண்டிவிட்டதால் அவரை மறுபடி பணியில் அமர்த்த முடியாது என்று மிஷன் கைவிரித்திருந்தது. கொல்லிமலையில் ஒரே ஓர் ஆண்டு இருக்க மட்டும் அனுமதி கேட்டார். அதற்குப் பிறகு மிஷனுக்குத் தொந்தரவு தரமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். ஆண்டு முடிந்தது. பாராட்டுகள் முடிந்து தன் முறை வந்ததும் எவலின் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஆனால் மலையைவிட்டு இறங்கப்போவதில்லை என்றார்.

கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மிஷனை விடுவதாகச் சொன்னார், விட்டார். மலையை விடுவதாக யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

ஊழியரை அனுப்புவதும் திருப்பி அழைப்பதும் தன் உரிமை என்று நினைக்கும் நிறுவனம் ஒருபுறம். வந்தவர் நம் வீட்டு ஆளாகிவிட்டார் என்று நினைக்கும் ஊர் மறுபுறம். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் இந்த இழுபறி புதிதல்ல. பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில் பல திருமண்டலங்களில் போதகர்களின் மாறுதல் பட்டியல் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். நம் ஐயாவுக்கு எந்தச் சேகரம், புதிதாக வருகிறவர் எப்படி, அவர் மனைவி ஐயரம்மா பெண்கள் ஐக்கியத்தை நன்றாக நடத்துவாரா என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே விசாரணை நடக்கும். பிறகு வழியனுப்பு விழா, சால்வை, கண்ணீர், சாமான் ஏற்றிய லாரி. அடுத்த வாரம் புதியவருக்கு வரவேற்பு. அதே மேடையாகவும் இருக்கும், சில ஊர்களில் அதே பந்தலாகவும் இருக்கும்.

இந்த வழக்கத்துக்கு அழுத்தமான விதி வகுத்துக் கொடுத்தவர்கள் மெதடிஸ்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தன் போதகர்களைக் குதிரையில் ஏற்றி ஊர் ஊராகச் சுற்ற வைத்தார். ஒரே ஊரில் ஓராண்டு முழுக்கப் பிரசங்கித்தால் தானும் தூங்கிவிடுவோம், சபையும் தூங்கிவிடும் என்ற கருத்துப்பட அவர் எழுதியிருக்கிறார். 1784இல் அவர் பதிவுசெய்த பிரகடனப் பத்திரம், சில விலக்குகளோடு, ஒரு போதகரை ஒரே ஆலயத்தில் மூன்றாண்டுக்கு மேல் நியமிக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. போதகரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை. ஆண்டுதோறும் கூடும் மாநாடு அனுப்புகிறது. அமெரிக்காவில் இதே முறையைப் பரப்பிய பிரான்சிஸ் ஆஸ்பரி கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. குதிரை முதுகிலேயே கழிந்த வாழ்க்கை அது.

தமிழ் பேசும் நிலத்துக்கு இம்முறை கடல்வழியாக வந்தது. 1813இன் கடைசியில் தாமஸ் கோக் தலைமையில் இலங்கைக்குப் புறப்பட்ட மெதடிஸ்ட் குழு, வழியிலேயே தலைவரை இழந்தது. 1814 மே 3ஆம் தேதி கோக் கப்பலில் இறந்தார். மிஞ்சியவர்கள் காலியில் கரையிறங்கி, ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் போனார்கள். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குப் போய், ஓராண்டு நிறைவதற்குள் 1815இல் அங்கேயே இறந்தார். 1817இல் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். ஓல்ட் அந்த ஊரில் இருந்தது சில மாதங்கள்தான். ஆனாலும் மட்டக்களப்பு அவருக்குச் சிலை வைத்திருக்கிறது. எத்தனை ஆண்டு இருந்தார் என்பதற்கும் ஊர் அவரை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கும் நேர்க்கணக்கு கிடையாது போலும்.

தமிழ்நாட்டில் இந்த இழுபறி வெடித்த இடம் பாளையங்கோட்டை. சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பில் 1820இல் அங்கு வந்த ஜெர்மானியர் ரேனியஸ், பதினைந்து ஆண்டுகளில் சங்கத்தைவிடப் பெரிய ஆளாகியிருந்தார். உபதேசிமாருக்குக் குருப்பட்டம் தரும் முறை பற்றியும் ஆங்கிலிக்கன் சபை ஒழுங்கு பற்றியும் சங்கத்தோடு மோதல் வந்தது. 1835இல் சங்கம் அவரை நீக்கியது. ரேனியஸ் சண்டை போடாமல் ஆற்காட்டுப் பக்கம் போனார். உபதேசிமாரும் சபையாரும் விடவில்லை. திரும்பி வாருங்கள் என்று அழைத்தார்கள், அதே ஆண்டில் அவரும் திரும்பி வந்தார். திருநெல்வேலிச் சபைகள் இரண்டாகப் பிளந்தன, கிராமங்களுக்குள் கோஷ்டி முளைத்தது. 1838இல் அவர் இறந்த பிறகுதான் பிளவு மெல்ல ஆறியது. மாறுதல் முறையை ஆதரிப்பவர்களுக்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்தப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது: ஊர் ஒருவரைப் பற்றிக்கொள்ளும்போது அவர் சபையும் ஊரின் கட்சிகளில் ஒன்றாகிவிடக்கூடும்.

இரண்டு பெரிய பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ஜி. யு. போப் 1839இல் சென்னையில் இறங்கியபோது வெஸ்லியன் மெதடிஸ்ட் ஊழியர். பிறகு ஆங்கிலிக்கன் பக்கம் போனார், ஆனாலும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று சுற்றி, ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து, 1908இல் மறைந்தார். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு நடந்தே வந்து சேர்ந்தார். வாழ்நாளின் பெரும்பகுதி அந்தத் தேரிக்காட்டிலேயே கழிந்தது. 1891இல் அவர் இறந்தது கொடைக்கானலில். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. போப்புக்கு ஒரு மொழி முழுக்கச் சொந்தம். கால்டுவெல்லுக்கு அதோடு ஓர் ஊரும் சொந்தம்.

கொல்லிமலைக்கு வருவோம்.

இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளில் பேருந்து ஏறிச் செம்மேட்டுக்குப் போய்விடுகிறது. சுற்றுலா வருபவர்கள் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாயகங்கை அருவியையும் பார்த்துவிட்டு, மிளகும் பலாவும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே போக ஒற்றையடிப் பாதைதான், அதுவும் காட்டுக்குள். மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாக வாய்மொழிக் கதை உண்டு. வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று ஊர்களை நாடுகளாகப் பிரித்து, தங்களுக்கான தலைவர்களோடும் பஞ்சாயத்தோடும் இருந்தார்கள். சாமையும் தினையும் விளைந்தன. மலேரியா கொடிகட்டிப் பறந்தது. சமவெளியிலிருந்து மலையேறியவர்கள் வியாபாரிகள், கடன் கொடுப்பவர்கள், வனத்துறைக்காரர்கள். எல்லோரும் வந்த வேலை முடிந்ததும் இறங்கிவிடுகிறவர்கள். வந்தவன் தங்குவான் என்று மலைக்காரர்கள் எதிர்பார்க்க முந்தைய அனுபவம் எதுவும் இல்லை.

பின்னாளில் எவலினின் கணவரான ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இந்தியா வந்தார். கட்டடத் தொழில் தெரிந்தவர். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வெப்பமண்டல மருத்துவமும் படித்திருந்தார். அவருடைய பேச்சைக் கேட்டு இந்தியா வரத் தீர்மானித்தவர்களில் ஒருவர் எவலின் ஹாரிஸ்: லண்டன் வணிகர் வீட்டுப் பெண், ஓவியம் பயின்றவர், ஜெஸ்ஸியைவிட ஆறு வயது மூத்தவர். 1913இல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம். புதுப்பெண் டோலியில் மலையேறினார். சமவெளியில் செய்து துண்டு துண்டாகக் கூலியாட்கள் தலையில் ஏற்றிக் கொண்டுபோன மரவீடு வாழவந்தியில் கல்தூண்களின் மேல் நின்றது. கரையான் ஏறாதிருக்கத் தூண்களின் தலையில் தகரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார் ஜெஸ்ஸி. கொத்தனார் மிஷனரியானால் முதலில் கரையானைப் பற்றித்தான் யோசிப்பார்.

முதல் சில ஆண்டுகள் மலை அவர்களை ஏற்கவில்லை. மருந்துக்கு வந்தார்கள், மதத்துக்கு வரவில்லை. கோயில் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவரைப் பகைத்துக்கொண்டு இவர்களோடு சேர யாருக்கும் துணிவில்லை.

1918 இன்ஃபுளுயன்சா மலையையும் விடவில்லை. நோய் விழுந்த வீடுகளின் பக்கம் சொந்தக்காரர்களே போகாத நாட்களில், பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எதிர்த்த பூசாரியின் வீட்டுக்கும் போனார்கள். பூசாரியும் அவர் மனைவியும் பிழைக்கவில்லை. இறக்குமுன் தன் மகனையும் கைக்குழந்தையான மகளையும் ஜெஸ்ஸியிடம் ஒப்படைத்து, அவரையே பாதுகாவலராக்கினார் பூசாரி. கொல்லிமலையில் சபை உருவான கதையை பிராண்ட் குடும்பத்தார் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். மலைக்காரர்கள் கணக்கு வேறாக இருந்திருக்கலாம். பிள்ளையை வாங்கி வளர்க்கிறவன் ஊரைவிட்டுப் போக முடியாது; அன்று ஜெஸ்ஸிக்கு மலையில் உறவுமுறை பிறந்துவிட்டது.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால், போதகர் என்ற சொல் போதாது. பள்ளிகள் திறந்தார், தச்சும் ஓடு சுடுவதும் கற்றுக்கொடுத்தார், ஆரஞ்சு நட்டார், பட்டுப்பூச்சி வளர்த்துப் பார்த்தார், மலைக்காரர்களின் நிலத்துக்காகவும் வரிச்சுமைக்காகவும் அதிகாரிகளுக்கு மனு எழுதினார். மருத்துவத்தில் அவர் பெயரை நிலைநாட்டியது நரம்புச் சிலந்தி. படிக்கட்டுக் கிணறுகளில் இறங்கித் தண்ணீர் மொள்கிறவர்களின் கால் புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் விழும். அங்குள்ள மிகச் சிறிய நீருயிர் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் ஓராண்டு கழித்து முழ நீளப் புழு வெளியே தலைகாட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய்ச் சீழ் பிடிக்கும். சிறு குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக வெளியே எடுக்க வேண்டும். வந்துவிட்டு மறுநாளே இறங்கிப் போகிறவர் செய்யக்கூடிய வைத்தியம் அல்ல அது. பின்னாளில் எவலின் தண்ணீரை வடிகட்டவும் கிணற்றுச் சுவர் எழுப்பவும் ஊர் ஊராகப் பிடிவாதம் பிடித்து, பல கிராமங்களில் அந்த நோயையே ஒழித்தார். நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று இந்தியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2000இல்.

மலையோடு இப்படி ஒட்டிக்கொண்டதற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். 1914இல் பிறந்த மகன் பாலையும் அவன் தங்கை கோனியையும் 1923இல் பெற்றோர் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் படிக்க விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாலுக்கு வயது ஒன்பது. மலையில் மரமேறித் திரிந்த பையன், லண்டன் வீட்டில் தபாலுக்குக் காத்திருப்பவனானான். தகப்பனார் வாரம் தவறாமல் எழுதினார். தான் பார்த்த மரம், பூச்சி, பறவை எல்லாம் கடிதத்தில் வந்தன. 1929 ஜூன் 15ஆம் தேதி ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். நாற்பத்துநான்கு வயது. மலேரியா முற்றி இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும் நோய் அது. தந்தி ஓரிரு நாளில் லண்டன் போய்ச் சேர்ந்தது. கடிதங்களோ கப்பலில் வருபவை. செத்துப்போன அப்பாவின் எழுத்து அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. பாலுக்கு அப்போது பதினைந்து நிறையவில்லை. தகப்பனை ஆறு ஆண்டுகளாகப் பார்த்ததில்லை.

மிஷனரி வரலாறுகள் இந்த இடத்தைத் தியாகம் என்ற ஒரு சொல்லில் கடந்துவிடும். பெற்றோர் விரும்பி ஏற்றதைத் தியாகம் எனலாம். ஒன்பது வயதுப் பையனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. மெதடிஸ்ட் ஆயர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்த கதைதான். மூன்றாண்டுக்கு ஒரு பள்ளி, புதிய நண்பர்கள், பழகும்போதே அடுத்த ஊர். பால் விஷயத்தில் தலைகீழ்: பெற்றோர் ஓரிடத்தில் நிலைத்ததால் பிள்ளை இடம்பெயர்ந்தான்.

ஜெஸ்ஸி இறந்ததும் நிறுவனம் தன் விதியோடு வந்தது. பாப்டிஸ்ட் சபை ஒழுங்கில் பேராயர் வைத்துப் போதகரை மாற்றுவதில்லை. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே அழைத்துக்கொள்ளும். ஆனால் மிஷனின் செலவு லண்டனிலிருந்து வந்தது, ஆகவே யார் எங்கே என்பதையும் மிஷன்தான் தீர்மானித்தது. சொந்த நாட்டில் இடமாற்ற முறையை ஏற்காதவர்கள், வெளிநாட்டில் மெதடிஸ்டுகளைப் போலவே ஆட்களை நகர்த்தினார்கள். இங்கிலாந்து போய்த் திரும்பிவந்த எவலினுக்குச் சமவெளியில் வேலை கொடுக்கப்பட்டது. மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது, ஏற உத்தரவு இல்லை. கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று சுற்றியுள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்று கணவனும் மனைவியும் போட்டிருந்த திட்டம் பாதியில் நின்றது. விடுப்பு கிடைத்தபோதெல்லாம் கூடாரத்தைச் சுமந்துகொண்டு எவலின் மலையேறிவிடுவார்.

மிஷன் பக்கத்து வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. விதவை, தனி ஆள், வயதாகிக்கொண்டிருந்தவர், மலேரியா மலை, கணவனை அந்த மலைதான் கொன்றது. மேலும், ஒரு தலைமுறை ஒரே குடும்பத்தின் முகத்தைப் பார்த்து வளர்ந்த சபை வேறு யாரையும் ஏற்காது என்ற பயமும் நிர்வாகங்களுக்கு எப்போதும் உண்டு. மெதடிஸ்டுகளிடம் இதற்காகவே ஒரு மரியாதை இருக்கிறது: மாறிப்போன போதகர், இப்போதைய போதகர் அழைக்காமல் பழைய சபையில் கல்யாணமோ ஞானஸ்நானமோ நடத்த வரக்கூடாது. பழைய ஐயாதான் வேண்டும் என்று கல்யாண வீட்டார் அடம்பிடிப்பதும், புதிய ஐயா முகம் சுருங்குவதும் எந்தச் சேகரத்திலும் கேட்கக்கூடிய கதை.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னைக் கதீட்ரலில் ஆங்கிலிக்கர்களும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையினரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கினார்கள். மெதடிஸ்டுகளின் பெயர் இங்கே அதில் கரைந்தது. ஆயர்களை நகர்த்தும் பழக்கம் புதிய சபையிலும் தொடர்ந்தது. பாப்டிஸ்டுகள் அந்த இணைப்பில் சேரவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் எவலின் தன் கடைசி ஓராண்டு அனுமதியோடு மலையேறினார்.

மிஷனின் சம்பளப் பட்டியலில் இல்லாத முதல் நாளிலிருந்து அவர் வேலை பெருகியது. மட்டக்குதிரையில் ஏறி மலைக்கு மலை போனார். கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார், காய்கறி பயிரிடச் சொல்லிக் கொடுத்தார், கஞ்சா பயிரிட்டவர்களோடு மல்லுக்கட்டினார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. மலை மக்கள் அவரை முகவரி கேட்காமலே தேடி வந்தார்கள். அவருக்கு மேலே அனுமதி கேட்க யாருமில்லை. அதில் ஆபத்தும் இருந்தது. எவலினுக்குக் கணக்குக் கேட்கும் குழு இல்லை, அவருக்குப் பிறகு யார் என்று தீர்மானிக்கும் மாநாடும் இல்லை. ஒருவரோடு வேலை முடிந்துபோகக் கூடாது என்பதற்காகத்தானே வெஸ்லி தன் போதகர்களைக் குதிரையில் ஏற்றினார்? இந்தக் கேள்விக்கு எவலினிடம் நிர்வாக ரீதியான பதில் எதுவும் இல்லை. அவர் இறந்தது 1974 டிசம்பர் 18ஆம் தேதி, தொண்ணூற்றைந்து வயதில். ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே, சவப்பெட்டி இல்லாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள். டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வரலாற்று நூல் 1976இல் வெளிவந்தது.

அவரை மலையிலிருந்து இறக்கக் கடைசியாக முயன்றது மிஷன் அல்ல, மகன். பால் பிராண்ட் லண்டனில் அறுவைச் சிகிச்சை படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையால் உலகப் புகழ் பெற்றிருந்தார். எவலினுக்கு எழுபத்தைந்து வயதானபோது மலையில் விழுந்து இடுப்பு முறிந்தது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் சுமந்து இறக்கி, ஜீப்பில் ஏற்றி, குண்டும் குழியுமான சாலையில் ஏறக்குறைய 150 மைல் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் என்ற முறையிலும் மகன் என்ற முறையிலும் பால் எடுத்துச் சொன்னார்: இந்த வயதில் தனியாக மலையில் இருப்பது நல்லதல்ல, ஓய்வெடுக்க வேண்டும். எவலின் பதில் கேள்வியாக வந்தது. தான் இறங்கிவிட்டால் ஐந்து மலைகளிலும் மருந்து கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? பயன்படாமல் இந்தக் கிழட்டு உடம்பைக் காப்பாற்றி வைத்து என்ன செய்வது? பாலிடம் பதில் இல்லை. எவலின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மலைக்குத் திரும்பினார். குதிரையை விட்டது தொண்ணூற்றுமூன்றாவது வயதில், அதுவும் அடிக்கடி விழுகிறார் என்பதால். அதற்குப் பிறகு மலைக்காரர்கள் அவரைத் தூளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.